ஏழாம் மாதமும் இருபத்தாறு வாரமும்

1

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை காலை, அலுவலகக் கூட்டத்தின் நடுவில் என் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது.

முதல் அழைப்பு என் மகள் யாழினியின் காப்பகத்திலிருந்து. இங்கே ஜெர்மனியில் அதைக் 'கீட்டா' என்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே கூப்பிடுவார்கள். அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருவர் கிளம்பிப் போயாக வேண்டும். "கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு அக்காவை அனுப்புகிறேன்" என்றெல்லாம் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் அக்காவும் இல்லை. நான் எழுந்து மேலாளரிடம் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் "சீக்கிரம் குணமாகட்டும்" என்றார். போன வாரம் தன் பையனுக்காக அவரும் இப்படித்தான் கிளம்பினார்.

இரண்டாவது, என் தங்கை கலை கும்மிடிப்பூண்டியிலிருந்து அனுப்பிய குரல் பதிவு. டிராமில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். பின்னணியில் கம்பெனி பேருந்தின் ஹாரன்.

"அக்கா, எங்க அத்தை வளைகாப்புக்கு நாள் குறிச்சிட்டாங்க. ஏழாம் மாசமே வெக்கறாங்களாம். எனக்கு ஒரே பேஜாரா கீது. நீ பேசேன் அவங்க கிட்ட."

வளைகாப்புக்கு நாள் குறித்ததில் என்ன பேஜார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அங்கே சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை செய்த பெண்கள் கேட்க மாட்டார்கள்.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எழுதும்போது இன்னமும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறேன். அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் கழனி வேலை செய்தவர்கள். கழனிகள் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளான பிறகு அப்பா இரும்பு உருக்கும் ஆலையில் லோடு ஏற்றப் போனார், அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தார். நான் பொறியியல் முடித்துவிட்டு அதே சிப்காட்டில் பயிற்சியாளராக நுழைந்து, அங்கிருந்து ஸ்டுட்கார்ட் வரை வந்தேன். கலை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தாள். மூன்றே ஆண்டில் ஒரு வேலை வரிசையையே நடத்தும் லைன் லீடர். அந்த லைனில் பெண்ணொருத்தி லைன் லீடரானது அதுதான் முதல் முறை.

அந்தக் கம்பெனிகளின் வாசலில் ஒரு விதி உண்டு. வளையல், மோதிரம், கொலுசு எதுவும் உள்ளே போகக் கூடாது. ஓடும் பெல்ட்டில் மாட்டும், கண்ணாடி உடைந்து பொருளுக்குள் விழும். நியாயமான விதிதான்.

எங்கள் வீடுகளிலும் ஒரு விதி உண்டு. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது. தானாக உடைந்தால்தான் உண்டு.

இரண்டு விதிகளும் ஒரே கையில் சந்திக்கும் நாளோடு அந்தப் பெண்ணின் வேலை முடிந்துவிடும். யாரும் அவளை அனுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வளையல் போடுவார்கள். திங்கட்கிழமை அவள் வர மாட்டாள். செவ்வாய்க்கிழமை அந்த இடத்தில் புதுப் பெண் நிற்பாள். "நின்னுட்டா" என்று ஒரே சொல்லில் லைனே பேசி முடித்துவிடும். நான் பயிற்சியாளராக இருந்தபோது தேவி என்ற பெண்ணுக்குக் கேன்டீனில் கேக் வெட்டி, மஞ்சள் பூசி, கைதட்டி அனுப்பினோம். அவளுக்குச் சட்டப்படி இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று அன்று கைதட்டிய ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான். எனக்கே தெரியாது.

சட்டம் தெரிந்தாலும் ஏழாம் மாதம் ஒரு சிக்கல். இருபத்தாறு வாரத்தில் எட்டு வாரத்தைத்தான் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். ஏழாம் மாதமே நின்றால் நடுவில் சில வாரங்கள் எந்தக் கணக்கிலும் சேராமல் தொங்கும். சொல்லாமல் வராதவள் என்று பெயரை அடித்துவிட காண்ட்ராக்டருக்கு அது போதும். கலையின் பேஜார் அதுதான். திரும்பிப் போனால் அவள் புது ஆள். அதுவும் எடுத்துக்கொண்டால்.

3

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எல்லோரும் கூடினார்கள். கலை, அவள் கணவன் சரவணன், அவன் அம்மா தனம்மா அத்தை, எங்கள் அம்மா. யாழினி என் மடியில். எங்கள் அப்பா திரையின் ஓரத்தில் தலையை நீட்டி, "யாழிம்மா, தாத்தா கிட்ட வரியா?" என்றார். காய்ச்சல் விட்ட எரிச்சலில் அவள் "நைன், நைன்" என்று தலையாட்டினாள். ஜெர்மன் மொழியில் 'இல்லை, மாட்டேன்' என்று அர்த்தம். எங்கள் பக்கம் அப்பாவை 'நைனா' என்போம். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, நைனான்னு கூப்புடுது." நான் திருத்தவில்லை.

பிறகு நான் ஆரம்பித்தேன். சட்டம், இருபத்தாறு வாரம், எட்டு வாரம், இ.எஸ்.ஐ., எல்லாவற்றையும் பாடம் நடத்துவது போலச் சொன்னேன். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்தால் வீட்டில் இருக்கும் எல்லா நாளும் விடுப்புக்குள் அடங்கும், வேலையும் போகாது என்று முடித்தேன்.

தனம்மா அத்தை முழுவதும் கேட்டார்.

"நல்லா படிச்சிக்கிற கண்ணு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்கு அந்த ஊர்ல வளையல் போட்டாங்களா?"

"போட்டாங்க அத்தை. நம்ம ஊருப் பொண்ணுங்க நாலு பேரு சேந்து."

"போட்டுக்கினு ஆபீசுக்குப் போனியா?"

"போனேன்."

"உன் கம்பெனில உட்டாங்க. இவ கம்பெனில உட மாட்டாங்க. அப்ப கம்பெனிக்காரன மாத்திக்கச் சொல்லு. என் நாள ஏன் மாத்தற?"

சரவணன் குறுக்கே புகுந்தான். அவன் வேறு ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன்.

"யம்மா, பேசாம அந்த வளையல என் கைல போட்டுடு. எனக்குத்தான் எந்த லீவும் கிடையாது. இப்படியாவது குடுக்கறானான்னு பாக்கலாம்."

"செருப்பு பிஞ்சிரும். வாய மூடிக்கினு குந்து."

எல்லோரும் சிரித்தோம், அத்தையைத் தவிர. அவர் பேச ஆரம்பித்தார். குரல் இறங்கியிருந்தது.

"இந்தா, இவன் வயித்துல இருக்கசொல்ல நான் நாத்து நட்டுக்கினு இருந்தேன். குனிஞ்சா வயிறு தொடைல இடிக்கும். பெரிய ஊட்டுப் பொண்ணுங்க ஏழாம் மாசமே வளையலப் போட்டுக்கினு கால நீட்டிக் குந்திக்கும். நாங்கதான் அவங்க ஊட்டுக்கு வாழ மரம் வெட்டியாந்து குடுப்போம். எங்களுக்கு யாரு வளையல் போட்டா? வலி வந்தாதான் கரை ஏறலாம். என் மருமவ ஏழாம் மாசம் குந்தணும். அத நாலு பேரு பாக்கணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

நான் அதுவரை ஏழாம் மாதத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். அத்தைக்கு அது ஓய்வு. அவர் தலைமுறைக்கு யாரும் தராத ஓய்வை, முதல் முறையாகத் தன் வீட்டில் ஒருத்திக்குத் தானே தர நினைக்கிறார். என் சட்டமும் அதையேதான் தருகிறேன் என்கிறது. இரண்டு நல்ல எண்ணங்களும் ஒரே பெண்ணை இரண்டு பக்கம் இழுக்கின்றன.

கலைதான் பேசினாள். மாமியாரை அவள் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். அவ்வளவு நெருக்கம்.

"அத்த, நீ கரை ஏறுனாலும் அடுத்த நடவுக்கு உன்னக் கூப்புட்டாங்க. நான் ஏறுனா என் எடத்துல வேற ஆளு நிக்கும். எனக்குக் குந்தவும் வேணும், திரும்பிப் போவவும் வேணும்."

"ரெண்டும் எப்படிடி கெடைக்கும்?"

"நின்னுக்கினு செய்யற வேலைதான உனக்கு பயம்? கம்பெனில குந்தி செய்யற வேலை கேக்கறேன். குடுத்தா ஒம்பதாம் மாசம். குடுக்கலன்னா நீ குறிச்ச நாளே. அப்புறம் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அத்தை ஒத்துக்கொண்டார். ஆனால் அங்கே எந்தக் கம்பெனி லைனிலும் நாற்காலி இருந்து நான் பார்த்ததே இல்லை.

4

கலையின் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் இங்கே நானும் இந்த ஊரிலுள்ள இந்தியப் பெண்களும் இதையே பேசினோம். அவர்களில் பலர் ஊர் நிலையை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். "இங்கே எவ்வளவு நன்றாக இருக்கிறது" என்றார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் உள்ளவர்கள் நினைப்பது போல இல்லை.

கருவுற்ற புதிதில் அலுவலகத்தில் எனக்கு ஒரு கடிதம் தந்தார்கள். அதிலிருந்த சொல்லை மொழிபெயர்த்தால் 'பெற்றோர் காலம்'. என் ஜெர்மன் அப்போது அரைகுறை. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள விடுப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முழங்கால் வலி, அதற்கு எத்தனை மாதம் தருவீர்கள் என்று அலுவலகப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளை பெற்றவர்களுக்கான விடுப்பு அது என்று பொறுமையாக விளக்கினார். நமக்குக் குடும்பம் என்றால் மேல்நோக்கிப் பார்க்கிற பழக்கம். இந்த ஊர்ச் சட்டம் கீழ்நோக்கிப் பார்க்கிறது.

அப்பாக்களுக்கும் விடுப்பு உண்டு. என் கணவர் தினேஷ் இரண்டு மாதம் எடுத்தார். அதை ஊருக்குச் சொன்னபோது அப்பாவோடு நடந்த பேச்சு இது.

"மாப்ள வேலைய உட்டுட்டாரா?"

"இல்ல நைனா, லீவு. பாப்பாவப் பாத்துக்க."

"ரெண்டு மாசமா? சம்பளம்?"

"கவர்மெண்ட்டு கொஞ்சம் குடுக்கும்."

"கொழந்தையப் பாத்துக்க ஆம்பளைக்கு டப்பு குடுக்குதா கவர்மெண்ட்டு? இங்க யார் கிட்டயும் சொல்லாத. ஒருத்தனும் மில்லு பக்கம் வர மாட்டான்" என்றார்.

தினேஷ் அந்த இரண்டு மாதத்தில் யாழினியின் அழுகையை என்னைவிட நன்றாகப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார். இன்றும் அவள் விழுந்தால் முதலில் அவரிடம்தான் ஓடுகிறாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஆனால் என் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஓர் ஆண்டு கழித்து நான் திரும்பியபோது வேலை அப்படியே இருந்தது. நான் வளர்த்த திட்டம் மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. "உங்களுக்குச் சிறு குழந்தை இருக்கிறதே, கொஞ்சம் இலகுவான பொறுப்பு நல்லதல்லவா?" என்று அன்பாகக் கேட்டார்கள். அன்பாகக் கேட்டதால் சண்டை போடவும் முடியவில்லை. கீட்டாவில் இடம் கிடைக்கக் காத்திருந்த மாதங்களில் பல நாள் அழுதிருக்கிறேன். இடம் கிடைத்த பிறகும் சில வாரங்கள் பிள்ளையோடு நானும் அங்கே ஒரு சின்ன நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. அவள் என்னை மறந்து விளையாடப் போகும்வரை உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒரு நாள் அவள் நிஜமாகவே மறந்துவிட்டாள்.

சட்டம் என் வேலையைக் காப்பாற்றியது. மற்றதையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கலைக்கு இதைச் சொன்னபோது, "உனக்கு வேலையாவது காப்பாத்திக் குடுத்துச்சே, அது போதும்க்கா" என்றாள்.

5

கலை தன் சூப்பர்வைசரிடம் பேசியதை அன்று மாலையே எனக்கு நடித்துக் காட்டினாள். அவருக்குக் கனத்த குரல், இவளுக்குத் தன் குரல்.

"இங்க யாரும் குந்தி வேலை செஞ்சதில்லையேம்மா."

"ஏழாம் மாசத்துல யாரும் வேலை செஞ்சதில்ல சார். அதான்."

"உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாருக்கும் ஏழாம் மாசமா சார்?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, மேலே கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டார். இவள் தினமும் ஷிப்ட் முடிந்ததும் அவர் மேசை முன்னால் போய் நின்றாள். எதுவும் பேசாமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். வாரக் கடைசியில் கடைசி மேசையில், முடிந்த வயர் கட்டுகளைச் சரிபார்க்கும் இடத்தில், ஒரு ஸ்டூல் வந்தது. லைனை நடத்தும் பொறுப்பு 'தற்காலிகமாக' சாந்தி என்ற பெண்ணுக்குப் போனது.

ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் படம் வேண்டும் என்று அத்தை கேட்டாராம். கைபேசி உள்ளே போகாது. அதனால் இவள் வீட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதே போல உட்கார்ந்து காட்டினாள். அத்தை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முதுகுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். அடுத்த நாள் பழைய புடவையை மடித்துத் தைத்து ஒரு திண்டு கொடுத்தனுப்பினார்.

ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடந்தது. அத்தை ஊரையே கூப்பிட்டிருந்தார். மீஞ்சூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய வளையல் வாங்கி வந்து, வந்த பெண்களுக்கெல்லாம் போட்டுவிட்டார். நான் வீடியோவில் பார்த்தேன். யாழினி எனக்கும் வேண்டும் என்று ஜெர்மனில் அழுதாள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் கலையிடம் சொல்லியிருக்கிறார். "நல்லபடியா பெத்துக்கோ. இப்ப நின்னுக்கோ, அப்புறமா வா, எடுத்துக்கலாம்."

"நிக்கல சார். லீவு."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"இல்ல சார்."

இந்த இரண்டு வார்த்தையை அவள் எவ்வளவு பணிவாகச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். விடுப்பு என்று எழுதியும் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

6

பையன் பிறந்தான். ஐந்தாவது மாதம் நெருங்கியதும் அடுத்த பிரச்சினை. யார் பார்த்துக்கொள்வது?

பாட்டிகள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் அம்மா வேலைக்குப் போகிறார். கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையில் தன் படம் இருப்பதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுபவர். தனம்மா அத்தையும் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறார். ஒரு பெண் வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் இன்னொரு பெண் வேலையை விட வேண்டும். இந்த இரண்டாவது பெண்ணின் விடுப்புக்கு எங்கள் ஊரில் சட்டம் எதுவும் இல்லை. "நான் நின்னுக்கறேன்" என்று அம்மா சொன்னார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. கலைக்கும்.

"நீ நிக்க வாணாம்மா. கம்பெனில கொழந்தைங்களுக்கு ரூம்பு கீது."

இருந்தது. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறை. சுவரில் யானை, முயல், பலூன் எல்லாம் வரைந்திருக்கும். அதன் சாவி செக்யூரிட்டியிடம். ஆய்வுக்கு யாராவது வந்தால் திறப்பார்கள். மற்ற நாட்களில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். கம்பெனி ஏமாற்றுகிறது என்று நான் கொதித்தேன். கலை என்னை அடக்கினாள்.

"யாரும் கேட்டதே இல்லக்கா. யாரு கேப்பா? வளையல் போட்டவ யாருமே திரும்பி வரலியே."

அவள் திரும்பிப் போன நாள் சரவணன் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பையனோடு கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே அவள் எச்.ஆர். அலுவலகத்தில் நின்றாள். காண்ட்ராக்டர் "புதுசா ஜாயின் பண்ணிக்கோ" என்றார். "நான் பழைய ஆளு சார், லீவு முடிஞ்சி வந்துக்கிறேன்" என்றாள். அவள் பெயர் பட்டியலில் இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது. எழுதிக் கொடுத்ததை வாங்கியவர்கள் வாங்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். லைன் லீடராக இல்லை. அந்த இடத்தில் சாந்தி நன்றாகவே காலூன்றிவிட்டாள். அது வேறு சண்டை, இன்னும் முடியவில்லை. அறையைப் பற்றிக் கேட்டபோது பார்க்கலாம் என்றார்கள். பாட்டிகள் மாறிமாறி லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, மாலையில் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் வேலை முடிந்ததும் பழையபடி போய் நின்றாள். இந்த முறை இடுப்பில் பிள்ளை.

பெட்டிகள் வெளியே வந்தன. ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து ஒரு பெண்மணியைப் பார்த்துக்கொள்ளப் போட்டார்கள். அவ்வளவு பெரிய அறையில் ஒரே ஒரு குழந்தை.

நேற்று கலை கூப்பிட்டாள். சோர்ந்திருந்தாள். காலையில் கம்பெனி பேருந்தில் பிள்ளையை ஏற்ற டிரைவர் முகம் சுளிக்கிறாராம். பையனுக்கு முதுகில் வேர்க்குரு. சாந்தி சரியாகப் பேசுவதில்லை. இதெல்லாம் தேவைதானா என்று இரண்டு நாளாக அத்தை கேட்கிறாராம். நானும் மனதுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி, இன்னைக்கு இன்னா ஆச்சு தெரியுமா?" என்றாள். டீ இடைவேளையில் பையனுக்குப் பால் கொடுக்கப் போயிருக்கிறாள். சாந்தியின் லைனில் சேர்ந்து ஓர் ஆண்டுதான் ஆன ஒரு பெண், பெயர் மகா, கதவருகே வந்து நின்றாளாம். வயிறு அப்போதுதான் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. உள்ளே வரவில்லை. சுவரை, தொட்டிலை, மின்விசிறியை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள்.

"இன்னாம்மா?" என்று கலை கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாளாம் மகா. போகத் திரும்பிவிட்டு, நின்று கேட்டாளாம்:

"இந்த ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சித் தருவாங்களாக்கா? நீ கேட்டியா, நான் கேக்கட்டா?"